விமான நிலையத்தில் தொழுகை

வியாபார நிமித்தம் துபாய் வழியாக லண்டன் செல்லும் சகோதரர்கள், இடையில் விமானம் மாறக் காத்திருக்கையில் தொழுகையைத் தவறவிடலாகாது. பிரயாணிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது, விலக்கு அளிக்கவில்லை.

ஷாபியீ மத்ஹபின்படி ளுஹர், அஸர், இஷா ஆகியவற்றை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கலாம். ளுஹருடன் அஸரையும், மஃரிபுடன் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஸுப்ஹுக்கும் மஃரிபுக்கும் சுருக்கம் இல்லை. உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் முழுமையாகவே தொழவேண்டும்.

கடிகாரத்திலும் கவனம் வேண்டும். துபாய் நேரம் நம் நேரத்திற்கு 4 மணி பிந்தியது. நம் கைக்கடிகாரம் மாலை 7.30 காட்ட, மஃரிபு வந்ததாகத் தோன்றும். அங்கோ பிற்பகல் 3.30தான், சூரியன் மேலே நிற்கும். நிற்கும் ஊரின் வக்தே கணக்கு.

கடன் தவணை தவறாத வணிகர்களாகிய நாம், ரப்புக்குரிய தவணையையும் தவறாதிருப்போமாக! ஆமீன்.