சர்க்கரை நோயும் நம் தசைகளும்



ஊரூர் ஒல்காட் குப்பத்தில் குழுக் கூட்டம் முடிந்து பேசிக்கொண்டிருந்தோம். மீன் விற்கும் அக்கா ஒருவர் சொன்னார்: "நம்மளுக்கு எங்க சர்க்கரை வரப்போவுது? கூடை சுமந்த உடம்பாச்சே!" பக்கத்திலிருந்த அக்கா காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அவரும் கூடை சுமந்தவர்தான். சர்க்கரையால் புண் ஆறவில்லை. ஒரு மாதமாக வியாபாரம் இல்லை. உள்கடன் தவணையும் நின்றுபோனது. அதனால்தான் இந்தப் பாடம்.

முன்பு கூடையோடு தெருத்தெருவாக நடந்தோம். இப்போது ஷேர் ஆட்டோவில் போய், ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்கிறோம். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெரியவர்கள் 100 பேரில் சுமார் 14 பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரை இரத்தத்தில் கலக்கிறது. அது தசைக்குள் போகக் கதவைத் திறக்கும் சாவி இன்சுலின். வயிற்றில் கொழுப்பு அதிகம் சேர்ந்தால், அதிலிருந்து சில பொருட்கள் கசிந்து, வெளியே தெரியாத அழற்சியை உண்டாக்கும். கடல்காற்றில் பூட்டு துருப்பிடிக்குமே, அதுபோலத்தான். சாவி இருந்தும் கதவு திறக்காது.

தசை என்ன செய்கிறது?

தசை பளு தூக்க மட்டும் இல்லை. அது வேலை செய்யும்போது சில புரதங்களை இரத்தத்தில் விடுகிறது. இவற்றுக்கு 'மயோகைன்' என்று பெயர். டென்மார்க் மருத்துவர் பென்டே பெடர்சனின் குழு இதை விரிவாக ஆராய்ந்தது. இந்தப் புரதங்களில் சில அழற்சியைத் தணிக்க உதவுகின்றன. அசையும் தசை, இன்சுலின் உதவி இல்லாமலும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அங்கே நடந்த ஒரு சோதனையில், நல்ல உடல்நலமுள்ள இளைஞர்கள் தினசரி நடையை 10,000 அடியிலிருந்து 1,500-க்கும் கீழே குறைத்தார்கள். இரண்டே வாரத்தில் இன்சுலின் வேலை செய்யும் திறன் குறைந்துவிட்டது!

சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வும் நமக்கு நம்பிக்கை தருகிறது. சர்க்கரை வரும் நிலையில் இருந்தவர்கள் நடையையும் உணவையும் சரிசெய்ததால், நோய் வருவது கால்பங்குக்கு மேல் குறைந்தது.

நாம் செய்ய வேண்டியவை

* தினமும் 30 நிமிடம் வேகமாக நடப்போம். கடற்கரை நம் வாசலில்தானே இருக்கிறது! சாப்பிட்ட பின் பத்து நிமிடம் நடந்தாலும் நல்லது.
* 30 வயது தாண்டியவர்கள் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருந்தால் எச்சரிக்கை. 126-ம் அதற்கு மேலும் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.
* நடக்கிறோமே என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும்.
* சர்க்கரை உள்ளவர்கள் சுடுமணலில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். இரவில் பாதத்தைப் பாருங்கள். சின்னப் புண்ணானாலும் உடனே காட்டுங்கள்.

அடுத்த கூட்டத்தில் யார் யார் பரிசோதனை செய்தீர்கள் என்று கேட்போம். தீர்மான நோட்டில் எழுதுங்கள். சேமிப்பைப் போலத்தான் இதுவும். தினம் கொஞ்சம் போட்டால், கஷ்ட காலத்தில் கைகொடுக்கும்.