கடனில் பிறந்த கட்சிகள்

ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தவன் நான். வரலாறு என்றால் மலாயில் மனனம் செய்து பழகிவிட்டது. சென்ற பருவத்தில் அமெரிக்க அரசியல் பாடத்திற்காகப் படித்ததை ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்க்க ஆசை.

1787இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பில் அரசியல் கட்சிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கட்சி நாட்டைப் பிளக்கும் என்றே அதை வரைந்த பலரும் அஞ்சினர். ஆனால் பத்தாண்டுகளுக்குள் இரண்டு கட்சிகள் மோதின. தொடக்கம் கடன்.

1790 ஜனவரியில் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன், விடுதலைப் போரில் பட்ட கடனை முழுமையாக அடைக்க வேண்டும், மாநிலங்களின் கடனையும் மத்திய அரசே ஏற்க வேண்டும் என்று அறிக்கை வைத்தார். போரின்போது சிப்பாய்களுக்குச் சம்பளத்திற்குப் பதிலாகக் கடன் பத்திரம் கொடுத்திருந்தார்கள். வறுமையில் பலர் அதை மிகக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டனர். இப்போது முழுப் பணமும் வாங்கியவருக்கே! முதலில் பெற்றவருக்கும் ஒரு பங்கு தரவேண்டும் என்று ஜேம்ஸ் மேடிசன் வாதாடினார். இந்த மேடிசன், அரசியலமைப்பை ஆதரித்து வெளிவந்த 85 கட்டுரைகளை ஹாமில்டனோடும் ஜான் ஜேயோடும் சேர்ந்து எழுதியவர் என்பதை மறந்துவிடக் கூடாது. நண்பர்கள் பிரிந்தது இங்கேதான்.

பத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே பணம் என்று உறுதி சொல்லாவிட்டால், நாளை அரசை நம்பி யார் கடன் தருவார் என்பது ஹாமில்டனின் வாதம். அவர் பக்கமே வென்றது. அடகு வைத்த நகையை மீட்க முடியாமல் இழந்த வீட்டில் வளர்ந்தவன் நான். என் மனம் சிப்பாய் பக்கமே போகிறது. ஆயினும் ஹாமில்டனின் கணக்கில் தவறு காண முடியவில்லை.

1791இல் தேசிய வங்கி வந்தது. அரசியலமைப்பு வெளிப்படையாகத் தராத அதிகாரம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியது என்றார் வெளியுறவு அமைச்சர் தாமஸ் ஜெஃபர்சன். கொடுத்த கடமையைச் செய்யத் தேவையான வழியும் அதிகாரத்தில் அடங்கும் என்றார் ஹாமில்டன். அதிபர் வாஷிங்டன் ஹாமில்டனை ஏற்றுக் கையெழுத்திட்டார்.

ஒருவர் கனவில் வணிகமும் தொழிற்சாலையும் வலுவான மத்திய அரசும். மற்றவர் கனவில் சொந்த நிலத்தில் உழும் குடியானவன். அந்தக் குடியானவனைப் புகழ்ந்த ஜெஃபர்சனின் சொந்த வயல்களில் உழைத்தவர்கள் அடிமைகள் என்பதை என்னால் ஒதுக்கிவிட்டுப் படிக்க முடியவில்லை.

1793இல் பிரான்சும் பிரிட்டனும் போரில் இறங்கியதும் பிளவு முற்றியது. ஹாமில்டனின் பக்கம் கூட்டரசுக் கட்சி ஆயிற்று. ஜெஃபர்சன், மேடிசன் அணி குடியரசுக் கட்சி எனப்பட்டது. 1854இல் தோன்றிய இன்றைய குடியரசுக் கட்சி வேறு.

1800 தேர்தலில் ஜெஃபர்சனும் அவர் கட்சியைச் சேர்ந்த ஏரன் பரும் ஆளுக்கு 73 வாக்குகள் பெற்றனர். பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்களித்த பிறகே ஜெஃபர்சன் அதிபரானார். பரைவிட இவர் மேல் என்று தம் கட்சியினருக்குக் கடிதம் எழுதியவர், வேறு யார், ஹாமில்டனேதான்.

1803இல் அதே ஜெஃபர்சன் லூசியானாப் பெருநிலத்தைப் பிரான்சிடமிருந்து 1.5 கோடி டாலருக்கு வாங்கினார். நிலம் வாங்க அரசியலமைப்பில் அனுமதி எங்கே என்ற கேள்வி அவரையே உறுத்தியது. திருத்தம் ஒன்றை வரைந்து பார்த்தார். தாமதித்தால் பேரம் முறிந்துவிடும் என்று அதை மடித்து வைத்துவிட்டார்.