கலப்புப் பயன்பாட்டுக் கட்டடம் எது? சிங்கப்பூரை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

கீழே கடை, மேலே வீடு. கலப்புப் பயன்பாடு இதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் எந்தக் கட்டடத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்டால் பலரும் தடுமாறுகிறோம். சிங்கப்பூரில் இதற்குத் தெளிவான விதிகள் இருப்பதால் அங்கிருந்து கற்பது எளிது.

படி 1: பயன்களை எண்ணுங்கள்

துணிக்கடை, உணவகம், திரையரங்கு மூன்றும் ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் அது வணிக வளாகம்தான். பூட்டிய பிறகு அங்கே யாரும் இல்லை. கடையோடு வீடோ, வீட்டோடு மருத்துவ நிலையமோ சேரும்போதுதான் பயன் கலக்கிறது.

படி 2: மனையின் வகையைப் பாருங்கள்

நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டம் ஒவ்வொரு மனைக்கும் ஒரு வகை குறிக்கிறது. தரைத்தளத்தில் மட்டும் கடை என்பது ஒன்று. 'வணிகமும் குடியிருப்பும்' என்பது இன்னொன்று. இதில் வணிகம் பொதுவாக அனுமதிக்கப்பட்ட தளப் பரப்பில் 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வீட்டுக்கு மேல் தளத்தில் கடை வருவதையும் பொதுவாக விடுவதில்லை. சமையல் புகையும் அந்நியர் நடமாட்டமும் வீட்டு வாசலுக்கு வராமலிருக்க இது மிக நல்ல ஏற்பாடு.

படி 3: வாசலைப் பாருங்கள்

குடியிருப்போருக்குத் தனி வாசல், தனி மின்தூக்கி உண்டா? இல்லையென்றால் கலப்பு நாளடைவில் சச்சரவாகிவிடும்.

படி 4: தெருவோடு உறவு

என்னைக் கேட்டால் இதுவே முதன்மையானது. நவீன சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸின் 1822ஆம் ஆண்டு நகரத் திட்டம் கடைவீடுகளின் முன்னால் கூரையிட்ட தொடர் நடைபாதை வேண்டும் என்றது. அதுவே 'ஐந்தடி' வழி. மழையோ வெயிலோ, வழிப்போக்கர் கடைகளை ஒட்டியே நடக்கலாம். மேலே குடும்பம் வாழும், கீழே வியாபாரம் நடக்கும்.

அந்த எண்ணத்தின் இன்றைய வடிவம் கம்போங் அட்மிரல்ட்டி. அட்மிரல்ட்டி எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டிய அந்த வளாகத்தில் கீழே பொதுத் திடல், அதற்கு மேல் உணவங்காடி நிலையமும் மருத்துவ நிலையமும். அவற்றுக்கும் மேலே தோட்டம், முதியோருக்கான 104 வீடுகள். குழந்தைப் பராமரிப்பு நிலையமும் உண்டு. 2018இல் உலகக் கட்டடக்கலை விழாவில் இந்த வளாகம் ஆண்டின் சிறந்த கட்டடமாகத் தேர்வானது. தாத்தா, பாட்டி மின்தூக்கியில் இறங்கினால் மருத்துவர், சாப்பாடு, பேச்சுத்துணை எல்லாம் கிடைக்கும். வயதானவர்களோடு வாழ்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

படி 5: மூன்று முறை போங்கள்

உங்கள் ஊர்க் கட்டடம் ஒன்றைத் தேர்ந்து காலை, மாலை, இரவு பத்து மணி என மூன்று வேளை போய்ப் பாருங்கள். யார் உள்ளே போகிறார்கள், எந்தச் சன்னலில் விளக்கு எரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.