மனச்சோர்வும் மூளையிலுள்ள செரோட்டோனினும்



சங்கைக்குரிய வியாபாரச் சகோதரர்களே! கால் முறிந்தவனைக் கண்டால் தாங்கிப் பிடிக்கிறோம். சர்க்கரை வியாதிக்காரர் மாத்திரை விழுங்கினால் யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் ஒருவன் வாரக்கணக்கில் உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, வேலையில் மனம் செல்லாமல் கிடந்தால் மட்டும் "சோம்பேறி" என்கிறோம். "ஈமான் குறைந்தவன்" என்றும் சொல்லிவிடுகிறோம். என் கடையில் வேலை பார்த்த ஒரு தம்பியை நானும் அப்படித்தான் ஏசினேன். அது தவறென்று பின்னர் விளங்கியது. அறிந்துகொண்டதை இங்கு எழுதுகிறேன்.

செரோட்டோனின் நம் சரீரத்திலேயே உண்டாகும் பொருள். 1948-ம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர ஆராய்ச்சியாளர்கள் இதை இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துப் பெயரிட்டார்கள். மூளையிலும் அது உண்டென்று 1953-ல் வெளியாயிற்று. உடலில் உள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது. மூளையில் இருப்பது சொற்பமே. ஆயினும் அங்கே அதற்கு முக்கியமான வேலை உண்டு. ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குச் சீட்டுக் கொண்டுபோகும் பையனைப் போல, ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்த அணுவுக்குச் செய்தி சேர்த்துவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். உறக்கம், பசி, மனநிலை ஆகியவற்றில் அதற்குப் பங்குண்டு.

1950-களில், இந்தியாவில் விளையும் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த ரெசர்பின் என்னும் மருந்தை இரத்தக் கொதிப்புக்குக் கொடுத்தார்கள். உண்டவர்களில் சிலருக்கு மனம் சோர்ந்தது. மூளையிலுள்ள செரோட்டோனினையும் அதைப் போன்ற வேறு சிலவற்றையும் அம்மருந்து குறைக்கிறதென்று பின்னர் தெரிந்தது. ஆகவே, செரோட்டோனின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம் என்ற எண்ணம் பரவிற்று. சீட்டுப் பையன் திரும்புவதைத் தாமதப்படுத்தும் மருந்துகளும் வந்தன. அவற்றில் ஒன்றான ஃபுளுவாக்ஸெட்டின் 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஆனால் கணக்கு நேராகவில்லை. மருந்து சில மணி நேரத்திலேயே செரோட்டோனினை மாற்றுகிறது. மனம் தேறவோ பல வாரங்கள் செல்கின்றன. பழைய ஆராய்ச்சிகளை ஒன்றுதிரட்டி 2022-ல் பார்த்தவர்கள், குறைவுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்றில்லை என்றார்கள். அதை மறுக்கும் டாக்டர்களும் உண்டு.

அப்படியானால் செரோட்டோனினுக்குச் சம்பந்தமே இல்லையா? இன்னொரு சோதனையைக் கவனியுங்கள். மீன், முட்டை, பால், பருப்பு இவற்றில் உள்ள டிரிப்டோபேன் என்ற சத்திலிருந்தே செரோட்டோனின் உண்டாகிறது. சம்மதித்தவர்களுக்கு அந்தச் சத்துச் சில மணி நேரம் குறையும்படி செய்து பார்த்தார்கள். ஆரோக்கியமாக இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு மனம் மாறவில்லை. முன்பு மனச்சோர்வு வந்து தேறியவர்களில் பலருக்கோ பழைய சோர்வு திரும்ப எட்டிப் பார்த்தது.

ஒரே மழைதான், ஒரு கடைக்குள் வெள்ளம் ஏறுகிறது, அடுத்த கடைக்குள் ஏறவில்லை. வாசற்படியின் உயரம் வேறு! மனிதரும் அப்படியே. பரம்பரை, சிறுவயதுத் துன்பம், மரணம், கடன், நீண்ட நோய் எனப் பலவும் சேர்ந்து அந்தப் படியைத் தாழ்த்துகின்றன. மூளையின் கூறு அவற்றில் ஒன்று. படி தாழ்ந்திருப்பது அவன் குற்றமா?

யூசுப் நபியைப் பிரிந்த துக்கத்தால் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதைத் திருமறை கூறுகிறது. அவர்கள் ஈமானைக் குறை சொல்பவர் யார்? நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். தொழுகையையும் துஆவையும் விடவேண்டாம், டாக்டரையும் விடவேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தால் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். கொடுத்த மாத்திரையை, தேறிவிட்டதென்று எண்ணித் தாமாக நிறுத்தக் கூடாது. "செத்தால் நல்லது" என்று ஒருவர் வாய்விட்டால் அவரைத் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஏசுவதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டியது ஒன்றுதான்: "தம்பி, இராத்திரி உறங்கினாயா?"