செவிவழிக் கல்வி: மோர்ஸ் பயிற்றும் முறை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னுரை

நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. ஆயினும் மோர்ஸ் குறியீடு அமெச்சூர் வானொலியாளரிடையே இன்றும் வாழ்கிறது. காரணம் இயற்பியலே. பேச்சை அனுப்ப ஏறத்தாழ 2,500 ஹெர்ட்ஸ் பட்டை அகலம் வேண்டும். மோர்ஸுக்குச் சுமார் 150 ஹெர்ட்ஸ் போதும். எனவே இரைச்சலுக்கிடையே பேச்சு புரியாதபோதும் மெல்லிய மோர்ஸ் ஒலி காதில் பிடிபடும். இதனைப் புதியவருக்குக் கற்பிப்பது எவ்வாறு எனக் காண்போம்.

காலக் கணக்கு

புள்ளி ஓர் அலகு. கோடு மூன்று அலகு. தமிழ் இலக்கணம் பயின்ற நமக்கு இது புதிதன்று. குறிலுக்கு ஒரு மாத்திரை, உயிரளபெடைக்கு மூன்று மாத்திரை அன்றோ? எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே 3 அலகும், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே 7 அலகும் விட வேண்டும். ‘பாரிஸ்’ என்னும் ஆங்கிலச் சொல், இறுதி இடைவெளியோடு 50 அலகு; அதுவே வேகத்தின் அளவுகோல். நம் நாட்டின் பொது வகுப்பு உரிமத் தேர்வுக்கு நிமிடத்துக்கு 8 சொல் என வேகம் வகுக்கப்பட்டது. அதாவது 400 அலகு. ஒரு புள்ளிக்கு 0.15 விநாடி.

கண்ணா, காதா?

அட்டவணையைப் பார்த்து மனப்பாடம் செய்தவர், ஒலியைக் கேட்டதும் புள்ளிகளை எண்ணத் தொடங்குவார். எண்ணி முடிப்பதற்குள் அடுத்த எழுத்து வந்துவிடும். ஆகவே ‘ஆர்’ என்னும் எழுத்தை ‘டி-டா-டி’ என்ற ஒரே ஓசையாகவே காதில் பதிய வைக்க வேண்டும். ஆம்பூரில் காலணி தைக்கும் என் அத்தை, ஊசி மழுங்கியதை ஓசையாலேயே அறிவார். எந்த அட்டவணையும் அவர் படித்ததில்லை.

1930-களில் ஜெர்மானிய உளவியலார் லுட்விக் கோக் இவ்வழியை முறைப்படுத்தினார். முதலில் இரண்டே எழுத்துகள், முழு வேகத்தில். நூற்றுக்குத் தொண்ணூறு சரியானால் மூன்றாவது எழுத்து. இப்படியே ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஃபார்ன்ஸ்வொர்த் முறையிலோ எழுத்தை விரைவாக ஒலித்து, இடைவெளியை மட்டும் நீட்டுவர். பழகப் பழக அதனைக் குறைப்பர்.

முடிவுரை

என்னைப் போல் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தோர் பலர், ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறோம். மோர்ஸில் அத்தயக்கம் வேண்டுவதில்லை. ‘க்யூ.டி.ஹெச்.’ என்றால் இருப்பிடம் என்பது ஜப்பானியருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். வானில் ஒலிபரப்பத்தான் உரிமம் வேண்டும், பயில வேண்டியதில்லை. ஓர் ஒலி அலையியற்றி, ஒரு மோர்ஸ் சாவி, நாள்தோறும் இருபது நிமிடம் இருந்தால் போதும். நண்பர்களே, இருவராகச் சேர்ந்து இன்றே தொடங்கலாமே!