கப்பல் வேலைக்குப் போகும் மருமகனுக்கு

கோவில்பட்டி

அன்புள்ள மருமகன் செல்வத்துக்கு,

கப்பல் வேலைக்குப் படிக்கப் போவதாக எழுதியிருந்தாய். கரிசல்காட்டுப் பிள்ளைக்குக் கடல் எதற்கு என்று உன் ஆச்சி புலம்புகிறாள். ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி.யும் இந்தக் கரிசல்காட்டுக்காரர்தான். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியை எதிர்த்து நின்றார்; 1908-இல் சிறைக்குப் போனார். பிற்பாடு நம் ஊரில் வக்கீலாகவும் இருந்தார். கப்பல் யாருடையது என்பதில் அவர் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்பது இரண்டாம் உலகப்போரில் விளங்கியது.

அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் ‘கெர்சொப்பா’ என்ற கப்பல், 1940 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து தேயிலையும் வெள்ளிக் கட்டிகளும் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். போர்க்காலத்தில் சரக்குக் கப்பல்கள் கூட்டமாக, காவலோடு போகும். நிலக்கரி குறைந்துபோனதால் இது மட்டும் கூட்டத்தைப் பிரிந்து அயர்லாந்துப் பக்கம் திரும்பியது. 1941 பிப்ரவரியில், தனியாக வந்த அதை ஜெர்மன் நீர்மூழ்கி யு-101 டார்ப்பிடோவால் அடித்தது. படகில் ஏறித் தப்பியவர்கள் குளிரிலும் தாகத்திலும் ஒவ்வொருவராகச் செத்தார்கள். 13-ஆம் நாள் இங்கிலாந்துக் கரை தெரிந்தது. கரைக்குப் பக்கத்தில் அலை படகைக் கவிழ்த்து, மிச்சமிருந்த சிலரையும் கொண்டுபோயிற்று. பிழைத்தவர் இரண்டாம் அதிகாரி ரிச்சர்ட் அயர்ஸ் ஒருவரே.

1942 நவம்பர் 23 அன்று அதே கம்பெனியின் ‘திலாவா’, மும்பையிலிருந்து ஆப்பிரிக்கா போகும் வழியில், ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29 தாக்கி மூழ்கியது. பயணிகளும் மாலுமிகளுமாக 280 பேர் மாண்டார்கள்.

கெர்சொப்பாவின் வெள்ளியை 2012-இல் 4,700 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். திலாவாவிலும் வெள்ளி இருந்தது; அது 2017-இல் வெளியே வந்தது. அந்த வெள்ளி யாருக்கு என்ற வழக்கு 2024-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்திய மாலுமிக்கோ, போர் தொடங்கும்போது வெள்ளைக்காரர் சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான் கிடைத்தது. அந்தப் போரில் இறந்த இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறக்குறைய 6,000 பேருக்கு மும்பை மாலுமிகள் இல்லத்தில் நினைவிடம் இருக்கிறது. எத்தனை பேருக்கு அது தெரியும்? கப்பலை வைத்திருப்பவன் சரக்குக்குக் கணக்கு வைப்பான். ஆளுக்கான கணக்கை ஆள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இதைப் படித்துப் பயந்துவிடாதே. தைரியமாகப் போ. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், சம்பளம், காப்பீடு, போர் நடக்கும் கடலுக்குப் போனால் கூடுதல் படி, போக மறுக்கும் உரிமை ஆகிய நாலும் எழுத்தில் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் கேள்; கேட்டும் எழுதித் தராத கப்பலில் ஏறாதே.

இப்படிக்கு,
உன் மாமா