அடிக்காத பந்துக்கு ஓடலாமா?

கேள்வி: பாஸ்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஃபென்வே பார்க்கில் பேஸ்பால் ஆட்டம் பார்த்தேன். பேட்டர் பந்தைத் தொடவே இல்லை. முதல் பேஸில் நின்றவர் இரண்டாவதுக்கு ஓடிவிட்டார். அரங்கமே எழுந்து கைதட்டியது. சற்று நேரத்தில் பேட்டர் பந்தை அடித்தார். ஓடியவரைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டார்கள்! எப்போதுதான் ஓடலாம்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பந்து அடிபட்டதா என்று பார்க்காதீர்கள், ஆட்டம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கிரிக்கெட்டில் மட்டையில் படாத பந்துக்கு பை ரன் ஓடுவதில்லையா? அம்பயர் ஆட்டத்தை நிறுத்தாதவரை ரன்னர் எப்போது வேண்டுமானாலும் ஓடலாம், பந்து பிட்சர் கையில் இருக்கும்போதுகூட. பேஸை விட்டு விலகி நிற்கையில் பந்தோடு வந்து தொட்டுவிட்டால் அவுட். அந்தப் பயம்தான் அவரைப் பிடித்து வைத்திருக்கிறது.

நீங்கள் இரண்டாவதாகப் பார்த்தது பெரும்பாலும் ஃபவுலாக இருக்கும். கோட்டுக்கு வெளியே விழுந்த பந்து செத்த பந்து. ரன்னர் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். அதே ஃபவுலை அந்தரத்தில் கேட்ச் பிடித்துவிட்டால் கதை வேறு. பேட்டர் அவுட், ஆட்டம் தொடர்கிறது. பிடிப்பவர் கையில் பந்து பட்ட பிறகு, தன் பேஸை மிதித்துவிட்டு ரன்னர் ஓடலாம். உயரக் கேட்ச் எல்லாவற்றுக்கும் இதுதான் விதி.

கேட்சர் பந்தைத் தவறவிட்டாலும் ஓடலாம். அடிக்கும் எல்லைக்கு வெளியே போய், பேட்டர் அடிக்க முயலாத பந்துக்கு 'பால்' என்று பெயர். நான்கு 'பால்' ஆகி பேட்டர் முதல் பேஸுக்கு நடந்தால், அங்கே இருப்பவர் இடம் விட்டு அடுத்ததற்குப் போவார். பந்து பேட்டர் உடம்பில் பட்டாலும் அப்படியே. ஆனால் அப்போது ஆட்டம் நின்றுவிடும், இடம் விடத் தேவையில்லாத ரன்னர் நகர முடியாது.

இனி நீங்கள் முதலில் பார்த்த ஓட்டம். அதற்கு 'ஸ்டீல்' என்று பெயர். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகப் பிடித்தது அதுதான். நீங்கள் உட்கார்ந்திருந்த அதே மைதானத்தில், 2004 அக்டோபரில் நடந்தது இது. உலகத் தொடருக்கு முந்தைய தொடரில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் முதல் மூன்று ஆட்டங்களையும் நியூயார்க் யாங்கீஸிடம் தோற்றிருந்தது. நான்காவதில் ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-3 என்று பின்தங்கியிருந்தது. கெவின் மில்லர் நான்கு 'பால்' பெற்று முதல் பேஸுக்கு வந்தார். அவருக்குப் பதில் ஓட டேவ் ராபர்ட்ஸை இறக்கினார்கள். அவர் ஓடத்தான் வந்திருக்கிறார் என்று அரங்கத்தில் தெரியாதவர் இல்லை. பிட்சர் மரியானோ ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்கே பந்தை எறிந்து அவரை மடக்கப் பார்த்தார். அடுத்து பேட்டருக்கு எறிந்த முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் பாய்ந்தார். மயிரிழையில் தப்பினார். பில் முல்லர் அடித்த அடியில் ஹோம் பிளேட்டைத் தொட்டார், ஸ்கோர் சமம். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் டேவிட் ஓர்ட்டிஸ் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். ரெட் சாக்ஸ் பிறகு ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல், 1918-க்குப் பின் முதல் முறையாக உலகத் தொடரை வென்றது.

2023-இல் விதி மாறியது. ஒரு பேட்டர் ஆடும்போது பிட்சர் இரண்டு முறைதான் அப்படி ரன்னரை மடக்கிப் பார்க்கலாம். மூன்றாவது முயற்சியிலும் ரன்னர் அவுட் ஆகாவிட்டால் அது 'பால்க்' என்ற பிட்சர் தவறு. ஒவ்வொரு ரன்னருக்கும் ஒரு பேஸ் இனாம். பேஸின் அகலமும் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது. 2022-இல் 2,486 ஆக இருந்த ஸ்டீல்கள் ஒரே ஆண்டில் 3,503 ஆயின. ஆட்டம் விறுவிறுப்பானதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இந்த விதி அன்றே இருந்திருந்தால், ரிவேராவின் மூன்றாவது எறிதலோடு ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸுக்கு நடந்தே போயிருப்பார்.